ஓடிப்போன பேராயர்

(சபையின் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஆதித் திருச்சபையின் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டார்கள். எல்லோருக்கும் பிடித்த ஒருவரைத் தெரிவு செய்திருக்கலாம். முதிர்வயதில் தீயின் நடுவே நின்ற பொலிக்கார்ப் இருக்கிறார். மிருகங்களுக்குப் பயப்படாத இக்னேஷியஸ் இருக்கிறார். நான் எடுத்துக்கொண்டவர் சிப்ரியான். வட ஆபிரிக்காவில் கார்த்தேஜ் என்ற பட்டணத்தின் பேராயர். பிள்ளைகள் வரைபடத்தில் தேடிப் பாருங்கள். இன்றைய துனீசியாவில், மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கிறது. உபத்திரவம் வந்தபோது இவர் மந்தையை விட்டுவிட்டு ஓடினார் என்று அவர் உயிரோடிருந்த நாளிலேயே பேசினார்கள். இன்றைக்கும் சிலர் அவரை அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு சரிதானா என்று உங்களோடு சேர்ந்து திரும்பவும் பார்க்க விரும்புகிறேன்.

இவரை நான் முதலில் சந்தித்தது சபையில் இல்லை, தாதிப் பயிற்சியில். தாதியியல் வரலாறு என்று ஒரு பாடம் இருந்தது. மூன்றாம் நூற்றாண்டில் பெரிய கொள்ளைநோய் ஒன்று வந்தது, அதன் பெயர் 'சிப்ரியான் கொள்ளைநோய்' என்று விரிவுரையாளர் சொன்னார். ஒரு பேராயரின் பெயரை நோய்க்கு வைத்திருக்கிறார்களே, அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார் என்று நான் யோசித்தேன். அவர் அந்த நோயைக் கொண்டுவரவில்லை. அது எப்படியிருந்தது என்று எழுதிவைத்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருவேன்.

அவருடைய முழுப்பெயர் தாஸ்கியு கெசீலியு சிப்ரியானு. பணக்காரர். பேச்சுக்கலை ஆசிரியர், நாவன்மையால் பேர் பெற்றவர். ஏறக்குறைய 246-ல் விசுவாசத்துக்கு வந்தார். தன் சொத்தில் பெரும்பங்கை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். இரண்டு மூன்று வருடங்களுக்குள் ஜனங்கள் அவரைப் பேராயராக்கிவிட்டார்கள். நேற்று ஞானஸ்நானம் எடுத்தவர் இன்று பேராயரா என்று வயதான மூப்பர்கள் ஐந்து பேருக்குப் பிடிக்கவில்லை. புதிதாக வந்தவரைக் கண்காணியாக்க வேண்டாம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறாரே, அவர்களுடைய மனக்கசப்பை முழுக்கப் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எப்படியோ, அந்தக் கசப்பு கடைசிவரை அவரைத் துரத்தியது. சபைக் கூட்டங்களுக்குப் போய் வருகிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

249-ல் டேசியஸ் ரோமப் பேரரசரானார். பேரரசிலுள்ள எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளையிட்டார். பலியிட்டு, பலியின் இறைச்சியைச் சுவைத்து, பானபலி வார்த்து, அதிகாரிகளிடம் அத்தாட்சிச் சீட்டு ஒன்று வாங்க வேண்டும். அந்தச் சீட்டுகள் சில எகிப்தின் மணலுக்குள் கிடந்து கிடைத்திருக்கின்றன, 40-க்கும் மேலே. ஒன்றில் அவுரேலியு தியோகேனெஸ் என்ற முதியவரின் விவரம் இருக்கிறது. வயது 72, வலது புருவத்தில் தழும்பு. தான் எப்போதும் பலியிட்டு வந்தவர் என்றும், இப்போதும் அதிகாரிகளின் கண்முன்னே பலியிட்டதாகவும் எழுதி, கையொப்பம் கேட்கிறார். தேதி 250-ம் ஆண்டு ஜூன் 26.

பிள்ளைகளே, உங்களுக்கு இது விநோதமாக இருக்கும். உங்கள் அப்பா அம்மாவைப் பாருங்கள், அவர்கள் முகத்தில் விநோதம் தெரியாது. பெயர், ஊர், வயது, உடம்பில் அடையாளம் எழுதிய ஒரு கடதாசி கையில் இல்லாவிட்டால் தெருவில் நடக்க முடியாது என்பது அவர்களில் அநேகருக்குத் தெரிந்த காரியம்.

கார்த்தேஜில் என்ன நடந்தது? சிப்ரியான் வெட்கத்தோடு எழுதியிருக்கிறார். யாரும் கைது செய்ய வருவதற்கு முன்பே விசுவாசிகள் கூட்டங்கூட்டமாகப் பலிபீடத்துக்கு ஓடினார்கள். பொழுது பட்டுவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் திருப்பி அனுப்பும்போது, இல்லை, இன்றைக்கே முடித்துத் தாருங்கள் என்று கெஞ்சியவர்கள் இருந்தார்கள். கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். சிலர் பலியிடாமலே அதிகாரிக்குக் காசு கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இன்னும் சிலர் சிறைக்குப் போனார்கள். சிலர் அடிபட்டுச் செத்தார்கள். ரோமாபுரியின் பேராயர் ஃபேபியன் 250 ஜனவரி 20-ல் இரத்தசாட்சியாக மரித்தார். கார்த்தேஜின் அரங்கத்தில் ஜனங்கள் சிப்ரியானைச் சிங்கத்துக்குப் போடு என்று கூச்சலிட்டார்கள்.

அவர் மறைந்துவிட்டார்.

எங்கே போனார் என்று இன்றுவரை இடம் குறிப்பிட முடியாது. அவர் சொத்தை அரசு பறித்தது. அவர் ஒரு வருடத்துக்கும் மேலாக ஒளிந்திருந்தார். இதற்கிடையே ரோமாபுரியின் மூப்பர்கள் கார்த்தேஜின் குருமாருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நல்ல மேய்ப்பன், கூலியாள் என்று யோவான் 10-ம் அதிகாரத்தை எடுத்து வைத்தார்கள். சிப்ரியானின் பெயரையும் சொன்னார்கள். அந்தக் கடிதம் சிப்ரியானின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அதை ரோமாபுரிக்கே திருப்பி அனுப்பினார். கையெழுத்தும் கடதாசியும் எனக்குச் சந்தேகமாயிருக்கிறது, இது உண்மையில் உங்களிடமிருந்துதான் வந்ததா, பாருங்கள் என்றார். பேச்சுக்கலை ஆசிரியர் அல்லவா! எனக்கு அவரைப் பிடித்துப்போன இடங்களில் இது ஒன்று.

பிறகு அவர் நேரடியாகவே விளக்கம் கொடுத்தார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகும்படி கர்த்தரே சீஷருக்குச் சொல்லியிருக்கிறார் என்பது அவருடைய வேத ஆதாரம். மத்தேயு 10-ல் இருக்கிறது. இன்னொரு காரணமும் சொன்னார். அவர் அங்கே நின்றால் கலகம் பெருகும், அவரைத் தேடி வருகிற கூட்டம் மற்ற விசுவாசிகளையும் மிதிக்கும். வெறும் பேச்சாக விடவில்லை. ஒளிந்திருந்த நாட்களில் தான் எழுதிய 13 கடிதங்களின் பிரதிகளையும் சேர்த்து அனுப்பினார். உடம்பால் தூரமாயிருந்தேன், வேலையை விடவில்லை என்பதற்கு அதுதான் அவருடைய சாட்சி.

அவருடைய கடிதத் தொகுப்பில் 80-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று நம் கையில் இருக்கின்றன. அதில் கிட்டத்தட்டப் பாதி இந்த ஒளிவு காலத்தைச் சேர்ந்தவை. வாசித்துப் பார்த்தால் பெரிய இறையியல் குறைவு; வீட்டுக் காரியம் கூட. விதவைகளையும் நோயாளிகளையும் ஏழைகளையும் கவனியுங்கள், ஊருக்குப் புதிதாய் வந்த அந்நியருக்குத் தேவையானதை ரொகாத்தியன் என்ற மூப்பரிடம் நான் விட்டுவந்த என் பணத்திலிருந்து கொடுங்கள். சிறையிலிருப்பவர்களைப் பார்க்கப் போகும்போது கூட்டமாகப் போகாதீர்கள், காவலர்கள் கதவை மூடிவிடுவார்கள், ஆள் மாறி மாறிப் போங்கள். சிறையில் மரித்தவர்களின் நாளைக் குறித்துவையுங்கள். இரவுப் பணி மாறும்போது நாங்கள் அடுத்த தாதிக்கு ஒப்படைக்கிற குறிப்புகள் இப்படித்தான் இருக்கும். யாருக்கு எத்தனை மணிக்கு என்ன தேவை, யாரிடம் சொல்லி வைத்திருக்கிறது. பெரிய வசனம் ஒன்றும் இருக்காது.

ஃபேபியன் போனபின் ரோமாபுரியில் ஒரு வருடத்துக்கு மேலாகப் பேராயர் இல்லை. கார்த்தேஜுக்கு இருந்தார். தூரத்திலிருந்தாலும் இருந்தார். ஆகவே ஓடினதைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான்: அவர் ஓடினது சரி.

இதைச் சொல்லும்போது இந்த மண்டபத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இரவோடிரவாக வீட்டைப் பூட்டி, திறப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். அந்தத் திறப்பை இன்னும் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறீர்கள். ஊரில் கடைசிவரை நின்ற போதகர்களை, ஆசிரியர்களை, தாதிகளை, பெற்றோரை நினைத்து, நாங்கள் வந்துவிட்டோமே என்று இரவில் நித்திரை வராதவர்கள் இருக்கிறீர்கள். வீட்டுப் பிள்ளை ஒரு நாள் கேட்கும்: 'அம்மா, நீங்கள் ஏன் வந்தீங்கள்? அவையள் ஏன் வரேல்லை?' அதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. சிப்ரியானுக்கும் அது ஒரே கடிதத்தில் முடியவில்லை.

ஆனால் நின்றவர்களை அவர் எப்படி நடத்தினார் என்று பாருங்கள். நூமிதிக்கு என்று ஒருவர். மூப்பர். அவருடைய மனைவி அவர் பக்கத்திலேயே நெருப்பில் மரித்தாள். அவரைப் பாதி எரித்து, கல்லெறிந்து, செத்துப்போனார் என்று விட்டுப்போனார்கள். அப்பாவின் உடலையாவது அடக்கம் செய்வோம் என்று அவருடைய மகள் தேடி வந்தாள். கற்களுக்குள்ளே மூச்சு இருந்தது. மகள் அவரை இழுத்தெடுத்துப் பராமரித்துப் பிழைக்கவைத்தாள். அந்த மகளின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. தாதிகளுக்கு அது பழகிப்போன விஷயம். ஒளிந்திருந்த சிப்ரியான் இந்த நூமிதிக்குவைக் கார்த்தேஜ் சபையின் மூப்பர்களோடு சேர்த்து எண்ணும்படி எழுதினார். தான் ஓடினவர் என்பதற்காக, நின்றவர்களைக் கண்டு அவர் கூனிக்குறுகவில்லை, அவர்களை ஒதுக்கவுமில்லை.

இனி, இரண்டாவது குற்றச்சாட்டு. இதில் நான் அவருக்கு முழுதாக ஆதரவில்லை.

விழுந்துபோனவர்கள் திரும்பி வர விரும்பினார்கள். ஆயிரக்கணக்கில். சபை என்ன செய்வது? சிறையிலிருந்த சாட்சிகளுக்கு அக்காலத்தில் மிகுந்த மரியாதை. அவர்கள், இவருக்குச் சமாதானம் கொடுக்கலாம் என்று சீட்டு எழுதித் தரத் தொடங்கினார்கள். சிலர் இன்னாரும் அவருடைய ஆட்களும் என்று பொதுப்படையாக எழுதினார்கள். அவருடைய ஆட்கள் என்றால் எத்தனை பேர்? இருபதா, முப்பதா? அரசாங்கம் ஒரு சீட்டு கொடுத்தது, இப்போது சிறைக்கூடம் ஒரு சீட்டு கொடுக்கிறது. அந்த ஐந்து மூப்பர்களின் பக்கத்தார் உடனே கதவைத் திறந்துவிட்டார்கள். ரோமாபுரியில் நோவாத்தியன் என்பவர் எதிர்ப்பக்கம் போனார். விழுந்தவர்களுக்கு இந்த உலகத்தில் சபையின் மன்னிப்பே இல்லை என்றார்.

சிப்ரியான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடி வாங்கினார். காத்திருங்கள், உபத்திரவம் ஓயட்டும், எல்லோரும் கூடி ஒவ்வொருவரின் காரியமாகப் பார்ப்போம் என்றார். 251-ல் ஈஸ்டருக்குப் பிறகு திரும்பி வந்து, ஆபிரிக்கப் பேராயர்களைக் கூட்டினார். பலியிடாமல் சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்வது. உண்மையில் பலியிட்டவர்கள் நீண்டகாலம் மனஸ்தாபப்பட வேண்டும், மரணப்படுக்கையில் சமாதானம் கொடுக்கப்படும் என்று முடிவாயிற்று. பின்னர் இன்னொரு உபத்திரவம் வரும்போலிருந்தது. அப்போது பேராயர்கள் மறுபடியும் கூடி, மனஸ்தாபப்பட்டுக் காத்திருந்த எல்லோரையும் உடனே சேர்த்துக்கொண்டார்கள். போருக்குப் போகிறவர்களை ஆயுதமில்லாமல் அனுப்பக்கூடாது என்பது காரணம். முதலில் சொன்னதை மாற்றினாரே, கொள்கை இல்லாதவர் என்று அவரைக் குறை சொன்னார்கள். நோயாளியின் நிலைமை மாறினால் மருந்தின் அளவும் மாறும். நேற்று எழுதிய அளவையே இன்றும் கொடுப்பேன் என்று நிற்கிற தாதியிடம் நீங்கள் படுக்க விரும்பமாட்டீர்கள்.

நான் அவரோடு முரண்படும் இடம் இது. வாழ்நாளில் மனஸ்தாபமே காட்டாமல், நோய் வந்து சாகக் கிடக்கும்போது மட்டும் சமாதானம் கேட்கிறவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று அவர் எழுதினார். அவர்களைக் கேட்கவைப்பது மனந்திரும்புதல் இல்லை, மரணபயம் என்றார். ஐயா, அப்படிச் சொல்ல வேண்டாம். மரணப்படுக்கைகளுக்குப் பக்கத்தில் நான் நிறைய இரவுகள் நின்றிருக்கிறேன். பயம் எங்கே முடிகிறது, மனந்திரும்புதல் எங்கே தொடங்குகிறது என்று வெளியிலிருந்து ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 40 வருடம் பேசாத தம்பியின் பெயரைக் கடைசி இரவில் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு எத்தனை மணிநேரம் இருந்தது?

அதே காலத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தியொனீசியு என்ற பேராயர் இருந்தார். அவரும் உபத்திரவத்துக்குத் தப்பினவர்தான், அவரையும் ஏசினார்கள். அவர் எழுதிய ஒரு சம்பவத்தைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள். செராப்பியோன் என்று ஒரு தாத்தா. நீண்டகாலம் நல்ல விசுவாசி, உபத்திரவத்தில் பலியிட்டுவிட்டார். பலமுறை மன்னிப்புக் கேட்டும் யாரும் அவரை ஏற்கவில்லை. நோயில் விழுந்தார், மூன்று நாள் பேச்சு மூச்சில்லை. நாலாம் நாள் கொஞ்சம் தெளிந்து, பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, மூப்பர் ஒருவரை அழைத்து வா என்றார். இரவு. பையன் ஓடினான். அந்த மூப்பரும் நோயாய்ப் படுத்திருந்தார், எழுந்து வர முடியவில்லை. ஆனால் சாகிறவர்கள் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று தியொனீசியு கட்டளையிட்டிருந்தார். ஆகவே மூப்பர் திருவிருந்து அப்பத்தில் ஒரு சிறு துண்டைப் பையனின் கையில் கொடுத்து, இதை நனைத்துத் தாத்தாவின் வாயில் துளித்துளியாக விடு என்றார். பையன் வீட்டுக்குள் வரும்போதே தாத்தா தெளிந்து, வந்துவிட்டாயா, சொன்னபடி சீக்கிரம் செய் என்றார். அவன் நனைத்து, வாயில் வார்த்தான். அவர் மெல்ல விழுங்கி, உடனே உயிர்விட்டார்.

நனைத்துக் கொடு என்றாரே, அந்த மூப்பருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அந்த நிலையிலுள்ளவருக்குக் காய்ந்த துண்டைக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். ஒரு சின்னப் பையன் இரவில் தெருவில் ஓடி, நடுங்குகிற கையால் செய்த இந்த வேலையைத் தியொனீசியு சரி என்று ஏற்று, மற்றப் பேராயருக்கும் எழுதி அனுப்பினார். இந்த ஒரு காரியத்தில் நான் தியொனீசியுவின் பக்கம்.

கொள்ளைநோய்க்கு வருகிறேன். 252 அளவில் கார்த்தேஜில் அது மோசமாக இருந்தது. சிப்ரியான் அதன் அறிகுறிகளைக் குறித்திருக்கிறார்: நிற்காத வயிற்றோட்டம், தொண்டையில் புண், ஓயாத வாந்தி, இரத்தமாய்ச் சிவந்த கண்கள். சிலருக்குக் கால் அழுகியது. சிலர் காது கேளாமலும் கண் தெரியாமலும் போனார்கள். இது பெரியம்மையா, இரத்தக்கசிவுக் காய்ச்சலா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது நல்ல குறிப்பு. ஒரு நோயாளியின் பக்கத்தில் போய்ப் பாராதவர் இப்படி எழுத முடியாது.

அவரோடிருந்த உதவிக்காரர் பொந்தியு அவருடைய வரலாற்றை எழுதினார். பிலாத்துவின் பெயர்தான், ஆனால் நல்ல மனுஷன். ஜனங்கள் தங்கள் சொந்த வீட்டாரையே வெளியே போட்டுவிட்டு ஓடினார்கள், தெருவெல்லாம் பிணங்கள் என்கிறார். அப்போது சிப்ரியான் சபையைக் கூட்டினார். நம்முடைய ஆட்களை மட்டும் நாம் பார்த்தால் அதில் என்ன விசேஷம், ஆயக்காரரும் அஞ்ஞானிகளும் அதைச் செய்கிறார்களே என்றார். முன்பு அவரைச் சிங்கத்துக்குப் போடு என்று கத்திய அதே ஊர் ஜனங்களைத்தான் பராமரிக்கச் சொல்கிறார், நினைவிருக்கட்டும். ஒவ்வொருவரின் நிலைமைக்கும் வசதிக்கும் தக்கதாக வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. காசுள்ளவர்கள் காசு கொடுத்தார்கள். காசில்லாதவர்கள் உழைப்பைக் கொடுத்தார்கள்; பொந்தியு அதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்.

வயிற்றோட்டமும் வாந்தியும் உள்ள ஒருவருக்கு மருந்தே இல்லாத காலத்தில் என்ன செய்ய முடியும்? தண்ணீர் கொடுக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. துடைக்கலாம், துணி மாற்றலாம், கஞ்சி ஊட்டலாம். இவ்வளவும் செய்ய ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாலே பிழைப்பவர் தொகை கூடும். 2020-ல் எங்கள் வார்ட்டில் முகக்கவசமும் கையுறையும் பிராணவாயுவும் இருந்தன. அப்படியிருந்தும் கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்துவிட்டுத்தான் உள்ளே போனோம். கார்த்தேஜின் அந்த ஏழைகளிடம் ஒரு துணித்துண்டு இருந்திருக்கும்.

ஒரு வருடம் ஒளிந்திருந்த மனுஷன் இப்போது ஓடவில்லை. நோய்க்குப் பயந்து ஊரைவிட்டுப் போக வசதியுள்ளவர்கள் போய்க்கொண்டிருந்த நேரம் அது. ஆகவே அவர் 250-ல் மறைந்தது வெறும் உயிர்ப்பயம் என்று சொல்கிறவர்கள் இந்த 252-ஐ எங்கே வைப்பார்கள்?

இதே காலகட்டத்தில் நூமிதியாவில் கொள்ளைக் கூட்டத்தார் விசுவாசிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கார்த்தேஜ் சபை 100000 செஸ்தர்ஸ் காசு சேர்த்து அவர்களை மீட்க அனுப்பியது. கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் சிப்ரியான் இணைத்தார். அவர்களுக்காக ஜெபியுங்கள் என்றார். நம் பொருளாளர் சிரிக்கிறார்.

ஞானஸ்நான வாக்குவாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் பெரியவர்கள் கேட்பீர்கள். பிரிந்துபோன கூட்டங்களில் ஞானஸ்நானம் பெற்றவர் திரும்பி வந்தால் மறுபடி கொடுக்க வேண்டுமா என்பது கேள்வி. வேண்டும் என்றார் சிப்ரியான். 256 செப்டெம்பரில் 87 பேராயர்களின் வாக்கு அவர் பக்கம் இருந்தது. வேண்டாம் என்றார் ரோமாபுரியின் ஸ்தேவான். ஸ்தேவானுக்குக் கோபம் மிஞ்சிவிட்டது. சிப்ரியானுக்கும் நாக்குக் கூர்மைதான். பிற்காலச் சபை ஸ்தேவானின் வழியில் போனது. சிப்ரியானை மதித்த அகுஸ்தீனும் இதில் அவர் பிழை என்றே எழுதினார். எனினும் மாறுபட்ட கருத்துள்ள பேராயரோடு ஐக்கியத்தை முறிக்கமாட்டேன் என்று அவர் அந்தக் கூட்டத்திலேயே சொன்னார். இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை.

257-ல் வலேரியன் பேரரசரின் காலத்தில் உபத்திரவம் திரும்பியது. இம்முறை சிப்ரியான் விசாரணைக்கு நின்றார். கூரூபிஸ் என்ற கடலோர ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். அடுத்த வருடம் கட்டளை கடுமையாயிற்று: குருமாரைக் கண்டவுடன் கொல்லலாம். அப்போது அவர் கார்த்தேஜுக்குத் திரும்பி, தன் தோட்டத்தில் தங்கியிருந்தார். ஊத்திக்கா என்ற ஊரிலிருந்த ஆளுநர் அவரைக் கொண்டுவர ஆள் அனுப்பினார். சிப்ரியான் மறுபடியும் ஒளிந்துகொண்டார்!

இதை அவரே கடைசிக் கடிதத்தில் விளக்குகிறார். பேராயர் சாகிறதானால் தன் சொந்தப் பட்டணத்தில், தன் ஜனங்களின் நடுவில் சாக வேண்டும், வேறு ஊரில் இல்லை. ஆளுநர் கார்த்தேஜுக்கு வந்ததும் இவரும் வெளியே வந்துவிட்டார். இரண்டு முறை ஒளிந்தார். முதல் முறை ஜனங்களுக்கு ஆபத்து வராதபடிக்கு, இரண்டாம் முறை ஜனங்களின் கண்முன்னே மரிக்க.

258 செப்டெம்பர் 13-ல் கைதானார். இரவில் அவரை ஓர் அதிகாரியின் வீட்டில் வைத்தார்கள். செய்தி பரவி, சபை முழுவதும் வந்து வாசலில் தெருவிலேயே இராத்திரி காத்திருந்தது. சிறையிலிருந்த மனுஷன் அந்த இரவில் கொடுத்த கட்டளை ஒன்று எழுதப்பட்டிருக்கிறது: வெளியே நிற்கிற இளம்பெண்களுக்குக் காவல் போடுங்கள். மறுநாள் தலை போகப்போகிறவருக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது.

14-ம் தேதி காலையில் ஆளுநர் கலேரியு மக்சிமு விசாரித்தார். அந்த ஆளுநருக்கே சுகமில்லை. தீர்ப்பை வாசிக்கக்கூட அவருக்குக் கஷ்டமாயிருந்தது. சில நாட்களில் அவரும் இறந்துபோனார். இந்த விவரம் என் கண்ணில்தான் முதலில் படும், மன்னியுங்கள். யோசித்துக்கொள் என்று ஆளுநர் சொன்னார். இவ்வளவு தெளிவான காரியத்தில் யோசிக்க ஒன்றுமில்லை என்று சிப்ரியான் பதில் சொன்னார். வாளால் தண்டனை என்று தீர்ப்பு வந்ததும் தேவனுக்கு நன்றி சொன்னார்.

மேலங்கியைக் கழற்றி உதவிக்காரரிடம் கொடுத்தார். வெட்டப்போகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார். கண்ணைத் தானே கட்டிக்கொண்டார். துணியின் நுனிகளை முடிச்சுப்போட அவரால் முடியவில்லை. இரண்டு பேர் வந்து கட்டிவிட்டார்கள். இருவர் பெயரும் யூலியன். ஒருவர் மூப்பர், மற்றவர் துணை உதவிக்காரர். சகோதரர்கள் அவர் முன்னால் துணிகளை விரித்தார்கள். இரவில் தீப்பந்தமும் மெழுகுதிரியும் பிடித்து, ஜெபத்தோடு அடக்கம் செய்தார்கள்.

பொந்தியு அவரோடு நாடுகடத்தப்பட்ட ஊருக்கும் கூடப் போனவர். கடைசி நாளில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தன் புத்தகத்தை முடிக்கும்போது அவர் ஒளிக்காமல் சொல்கிறார்: சிப்ரியானின் மகிமைக்காக மிகவும் சந்தோஷப்படுகிறேன்; ஆனால் நான் பின்தங்கிவிட்டேனே என்ற துக்கம் அதைவிடப் பெரிது. அந்தத் துக்கத்தோடே உட்கார்ந்து அவர் எழுதியபடியால்தான் இவ்வளவையும் இன்று நான் உங்களுக்குச் சொல்ல முடிந்தது.